வீடு ஜாக்கியில் நின்ற நாட்கள்

ஹோட்டலில் மாதக்கணக்கில் தங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு வயிறும் கிடையாது, துவைக்க வேண்டிய துணியும் கிடையாது என்று அர்த்தம். எனக்கு இரண்டும் உண்டு. பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அந்த ஹோட்டலில் நான் நான்கு நாள் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

சொந்த வீடு இருக்கிறவர்களுக்கு ஹோட்டல் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீடு அண்ணனூரில், மின்சார ரயில்களை நிறுத்தும் ஷெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. கட்டிக் குடிவந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போவோம். பிறகு ரோடு போட ஆரம்பித்தார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் காண்ட்ராக்ட் எடுத்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. ரோட்டின் மேல் ரோடு, அதன் மேல் இன்னொரு ரோடு என்று போட்டுக்கொண்டே போனார்கள். எங்கள் மூன்று படியும் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. கடைசியில் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியதாகிவிட்டது. ஐப்பசி பிறந்தால் பீரோவைச் செங்கல் மேல் ஏற்றுவோம், மார்கழியில் இறக்குவோம். இதையும் ஒரு பிழைப்பு என்று பல வருஷம் நடத்தினோம்.

வீட்டைத் தூக்கிவிடலாம் என்று ஒருநாள் என் கணவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் இது இப்போது சகஜம். இடிக்க மாட்டார்கள். சுவரைச் சுற்றிலும் அஸ்திவாரம் வரை தோண்டி, அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, லாரிக்கு வைப்பது போன்ற ஜாக்கிகளை வரிசையாக வைத்து, ஒரு ஆள் விசில் ஊத எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். வீடு அப்படியே மேலே போகும். நாலடி உயர்ந்ததும் அடியில் செங்கல் வைத்துக் கட்டி, உள்ளே மண் கொட்டி, புதுத் தரை போடுவார்கள். அதுவரை குடியிருக்க முடியாது. நாற்பத்தைந்து நாளில் சாவியைக் கையில் கொடுக்கிறேன் என்றார் ஜாக்கிக்காரர். அவர் பேச்சை நம்பியதுதான் நாங்கள் செய்த முதல் முட்டாள்தனம். அவசரப்பட்டது இரண்டாவது.

அவசரத்துக்குக் காரணம் என் கணவர் ஓய்வு பெறப்போகும் நாள். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். திருமுல்லைவாயல் பக்கத்து ஆள். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். நான் திண்டிவனத்து ஹெட்மாஸ்டர் மகள். இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாமல் இருக்க எனக்கு என்றைக்கும் முடிந்ததில்லை.

அந்தத் தொழிற்சாலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரைச் சும்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மாதக் கடைசி நாள் சாயங்காலம் மாலையும் பொன்னாடையும் போட்டு, பூச்சுற்றிய வண்டியில் நிறுத்தி, மேளம் அடித்து, செக்‌ஷன் ஆட்கள் அத்தனை பேரும் கூடவே வந்து, வீட்டு வாசலில் இறக்குவார்கள். மனைவி ஆரத்தியோடு நிற்க வேண்டும். செக்‌ஷனில் மூத்தவர் ஒருவர் முன்னால் வந்து, உங்கள் ஆளைப் பத்திரமாக ஒப்படைத்துவிட்டோம் என்று சொல்வார். பிரஸ் ஷாப்பில் இன்னொன்றும் உண்டு. மனைவி புருஷனுடைய இரண்டு கைகளையும் பிடித்து, பத்து விரலும் இருக்கிறதா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எண்ணிச் சொல்ல வேண்டும். விரல் போன ஆட்களும் அந்த ஷாப்பில் இருந்தார்கள். எண்ணி முடித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், வெடி வெடிப்பார்கள், கேசரி சாப்பிடுவார்கள், சில பேர் வேறு எதையாவது குடித்துவிட்டுத் தெருவில் ஆடுவார்கள்.

எனக்கு இந்தக் கூத்து பிடிக்காது. முப்பத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரை ஒப்படைக்க என் கணவர் வண்டியில் போயிருக்கிறார். சட்டையெல்லாம் ஜிகினாத் தூளோடு வந்து, இன்றைக்கு இன்னாரை விட்டுவிட்டு வந்தோம், அவருடைய சம்சாரம் எண்ணும்போதே அழுதுவிட்டது என்று சொல்வார். சட்டையைக் கழற்றி ஊறப்போடுங்கள் என்பேன். நான் சொன்ன பதில் எப்போதும் அதுதான்.

தன் முறை வரும்போது வீடு பள்ளத்தில் இருக்கக் கூடாது என்பது அவருடைய ஆசை.

"ஊட்ட தூக்கிட்டா, பசங்க இட்டாந்து உடசொல்லோ படி ஏறி உள்ள போலாம். இப்ப கீற மாதிரி பள்ளத்துல எறங்கினு போனா நல்லாவா கீது?" என்றார்.

அவர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிதாக எதையும் கேட்டதில்லை. நான் சரி என்றேன். வீடு உயர்ந்தால் எனக்கும் பீரோ தூக்கும் வேலை மிச்சம்.

எங்கே போய்த் தங்குவது என்ற கேள்வி வந்தது. திருமுல்லைவாயலில் அவருடைய தம்பி வீடு இருந்தது. ஏழு பேருக்கு ஒரு குளியலறை, விழித்திருக்கும் நேரமெல்லாம் டிவி. வேண்டாம் என்றேன். இரண்டு மாதத்துக்கு மட்டும் வாடகை வீடு தருகிற உத்தமர் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை ஒருத்தரும் இல்லை. எல்லோரும் பதினோரு மாத அக்ரிமென்ட்டை நீட்டினார்கள். ரூம் போட்டுவிடலாம் என்றார் என் கணவர். அப்படித்தான் பாடிக்குப் போனோம்.

ஹோட்டல்காரர்கள் நம்மைக் கட்டிலில் படுப்பதற்காகவே பிறந்தவர்கள் என்று நினைக்கிறார்கள். அறையில் கட்டில் இருந்தது, கட்டிலைச் சுற்றி ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க இடம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மேம்பாலத்தில் போகிற லாரிகள் காதுக்குள்ளேயே ஹாரன் அடித்தன. மூடினால் திரைச்சீலையில் யாரோ எப்போதோ குடித்த சிகரெட் நாற்றம். துவைத்த புடவையைக் குளியலறைக் கம்பியில் மடித்து மடித்துப் போட்டேன். காய்வதற்குப் பதிலாக முடைநாற்றம் அடித்தது. காலையில் கீழே இலவசச் சாப்பாடு என்று பெருமையாகச் சொல்லி நான்கு நாளும் அதே பொங்கலை வைத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரரான என் கணவருக்கு நெய்ப் பொங்கலும் வடையும்! ரவையில் உப்புமாவாவது கிண்டித் தரக்கூடாதா என்று கேட்டதற்கு, மெனுவில் இல்லை என்றான் ஒருவன். உப்புமா மெனுவில் இல்லாத ஹோட்டலைத் தமிழ்நாட்டில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புனேயில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதிக நாள் தங்குவதற்கு ஹோட்டல் லாயக்குப்படாது, சர்வீஸ் அபார்ட்மென்ட்தான் சரி என்றாள். வீடு மாதிரி சமையலறை இருக்கும், வாஷிங் மெஷின் இருக்கும், கூட்டித் துடைக்க ஆள் வரும் என்றாள். தானே தேடி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாள். நாலு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் எங்களுக்கு ஒரு ஹால், ஒரு படுக்கையறை.

மகள் சொன்னது அத்தனையும் சரி. அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது. நிஜமாகவே சமையலறை இருந்தது. அதை அமைத்தவன் பிறந்ததிலிருந்து சோறு தின்றிருக்க மாட்டான். காம்புள்ள கண்ணாடிக் கோப்பைகள் ஆறு வைத்திருந்தான். காபி குடிக்க ஒரு டம்ளர் இல்லை. தோசைக்கல் இல்லை, இடுக்கி இல்லை, மிக்ஸி இல்லை. சீஸ் துருவ ஒரு கருவி இருந்தது. அதில் நான் தேங்காய் துருவிப் பார்த்து விரலைக் கீறிக்கொண்டேன். சுவரில் ஈஃபில் கோபுரம் படம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜன்னலைத் திறந்தால் மெஷின் எண்ணெய் வாடை வருகிற இடத்தில் ஈஃபில் கோபுரம் யாருக்கு வேண்டும்? பால்கனியில் ரோடு தெரிகிற பக்கம் துணி காயப்போடக் கூடாது என்று ஒரு அறிவிப்பு. காற்று வருகிற பக்கம் அது ஒன்றுதான்.

அண்ணனூரிலிருந்து நான் சாமானைக் கொண்டுவந்தேன். தோசைக்கல், அஞ்சறைப் பெட்டி, அரிவாள்மணை எல்லாம் வந்து சேர்ந்ததும் ஒரு மாதிரி வீடானது. அவருக்கு வேளைக்கு வேளை கைக்குத்தல் அரிசிச் சோறும் கீரையும் கொடுக்க முடிந்தது. சர்க்கரை இறங்கியது. ஹோட்டலைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் தெருவில் அடுத்து வீட்டைத் தூக்குகிறவர்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வந்த மூன்றாம் நாள் காரக்குழம்புக்கு மிளகாய் தாளித்தேன். கூரையில் இருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டியது. மேனேஜர் மூன்று மாடி ஓடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் டை. கீழே விருந்தாளிகளிடம் வாயைக் குவித்து வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேசுகிற ஆள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

அவர் அடுப்பை எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், காரக்கொழம்பா? வாசன கீழ வரைக்கும் வந்துகினு கீது" என்றார். பிறகு குளியலறைக்குப் போய், தலை நனையாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து, நாற்காலி மேல் ஏறி அலாரத்துக்கு மாட்டிவிட்டார். சமையல் முடிந்ததும் கழற்றிவிடச் சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் நல்ல மனுஷன் என்று நினைத்திருப்பார்கள். நான், டை கட்டினாலும் பேச்சு பாடியைத் தாண்டவில்லையே என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் என் கணவரிடம் அவரைப் போல நடித்தும் காட்டினேன். என் கணவர் சிரிக்கவில்லை. அவரும் அப்படித்தானே பேசுவார்.

அந்தக் கட்டடத்தில் தங்கியிருந்த மற்றவர்கள் பெரும்பாலும் எஸ்டேட்டுக்கு மெஷின் நிறுவ வந்த இன்ஜினியர்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று இருப்பார்கள். எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு வடநாட்டு அம்மாள், கணவரோடு. என் வயதுதான் இருக்கும். சாயங்காலங்களில் கீழே ஹாலில் டீ குடிக்க வருவார். அங்கே உட்கார்ந்து தன் மகன் எந்த நாட்டில் இருக்கிறான், மருமகள் எந்த நாட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய கைப்பை கடையிலிருந்தும் தலைமுடி அழகு நிலையத்திலிருந்தும் தினமும் நேராக வந்தவை போலிருக்கும். சோம்பேறி என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு கீழே போனேன்.

உங்கள் கணவருக்கு என்ன வேலை என்று ஒருநாள் இங்கிலீஷில் கேட்டார். டிஃபென்ஸ், அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார் என்றேன். அப்படியா, ஆர்மி ஆஃபீஸரா என்று கண்ணை விரித்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். அதற்குப் பிறகு அந்த அம்மாள் என் கணவரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார். அவரும் ஒன்றும் புரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

இதற்கிடையில் ஜாக்கிக்காரருடைய நாற்பத்தைந்து நாள் முடிந்தது. வீடு இரண்டடி ஏறியிருந்தபோது கோடையிலேயே கொட்டிய மழையில் பள்ளம் முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டது. தண்ணீர் வற்றாமல் ஜாக்கியைத் தொடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வற்றியபோது ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். கடைசியில் நாலடி ஏறியது என்னவோ உண்மை. ஆனால் ஓய்வு பெறும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் போய்ப் பார்த்தபோது எங்கள் வீடு ஜாக்கிகள் மேலேயும் செங்கல் தூண்கள் மேலேயும் அந்தரத்தில் நின்றது. உள்ளே தரை கிடையாது. வாசற்கதவு என் தோள் உயரத்தில் தொங்கியது. ஏறப் படி கிடையாது. சுற்றிலும் பள்ளம். என் கணவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜாக்கிக்காரரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் மெதுவாகக் கேட்டார். இப்போது இருக்கிற இடத்துக்கே பசங்களை வரச் சொல்லலாமா, அந்த மேனேஜரைக் கேட்டுப் பார்க்கிறாயா என்றார். கேட்கிறேன் என்றேன்.

நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சரி என்பார் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்ததற்குக் காரணமே அதுதான். பூச்சுற்றிய மினி லாரி வந்து நிற்கும். மேளம் அடிக்கும். பிரஸ் ஷாப் ஆட்கள் முப்பது பேர் லுங்கியும் பேன்ட்டுமாகக் குதித்து இறங்குவார்கள். யாராவது இரண்டு பேர் நிதானத்தில் இருக்க மாட்டார்கள். எதிர் ஃப்ளாட் அம்மாள் கைப்பையோடு வந்து நிற்பார். அவர் முன்னால் நான் ஆர்மி ஆஃபீஸருடைய விரல்களை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. அறுபது நாள் மட்டும் பார்த்துவிட்டுப் பிரியப்போகிற ஒருத்திக்காக, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருத்திக்காக, அப்படிக் கூசியது.

இரண்டு நாள் கழித்து, மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். கூட்டம் சேர்க்கக் கூடாது, மேளம் கூடாது, இது பெரிய மனிதர்கள் தங்குகிற இடம் என்று சொல்லிவிட்டார் என்றேன். மேனேஜர் சொன்னதாக நான் சொன்ன அத்தனையும் என் வார்த்தைகள்.

"அப்ப நம்ம ஊட்டாண்டயே வண்டிய நிறுத்த சொல்லட்டா?" என்றார் என் கணவர். "உள்ள போவ வாணாம். வாசல்ல நின்னாக்கூட போதும்."

"எந்த வாசல்ல? தோள் உயரத்துல தொங்குதே, அந்த வாசல்லயா? நான் பள்ளத்துல நின்னு ஆரத்தி எடுக்கட்டுமா?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளப் போனார்.

மறுநாள் செக்‌ஷனில் மூத்தவர், என் கணவரோடு இருபது வருஷத்துக்கு மேல் ஒரே பிரஸ்ஸில் நின்றவர், எனக்குப் போன் செய்தார். "அண்ணி, வண்டி சொல்லியாச்சு, மேளம் சொல்லியாச்சு. எங்க கொண்ணாந்து உடணும்னு கேட்டா அண்ணாத்தே வாயே தொறக்க மாட்டேங்கறாரு. நீங்க சொல்லுங்க" என்றார்.

நாங்கள் ஒரு இடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம், அங்கே அனுமதி இல்லை, பிறகு வீடு முடிந்ததும் கூப்பிடுகிறேன், எல்லோரும் சாப்பிட வாருங்கள் என்றேன். "ஒப்படைக்கறதுன்றது அன்னிக்குத்தான் அண்ணி. அப்பால வந்தா அது விருந்து" என்றார். உங்கள் சௌகரியம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கடைசி நாள் காலையில் என் கணவர், மகள் வாங்கி அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போங்கள் என்றேன். நடந்தே போனார். தொழிற்சாலைக்குள் நடக்கிற வழியனுப்புக் கூட்டத்துக்கு வெளி ஆட்கள் போக முடியாது. நான் நாள் முழுக்கச் சமைத்துக்கொண்டிருந்தேன். பருப்பு உருண்டைக் குழம்பு, அவியல், அவருக்கென்று சர்க்கரை போடாத பாயசம். மேளத்துக்குப் பதிலாகப் பாயசம் என்று கணக்குப் போட்டிருந்தேன் போலிருக்கிறது.

ஐந்தரை மணி வாக்கில் பால்கனியில் நின்றேன். எஸ்டேட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸும் பைக்குமாக ரோடு நிறைந்திருந்தது. முனையில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஆள் முதலில் இறங்கி வழிவிட, பின்னாலிருந்து என் கணவர் இறங்கினார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதன் வாயில் ரோஜா மாலை பிதுங்கிக்கொண்டிருந்தது. இறங்கியதும் மாலையை அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு நடந்து வந்தார். ரோட்டோரமாக, யார் கண்ணிலும் படாமல் போக வேண்டும் என்பது போல வந்தார்.

நான் வேகமாகக் கீழே இறங்கினேன். அவருக்காக ஓடினேன் என்று சொன்னால் பொய். ஹாலில் யாராவது பார்ப்பதற்குள் அந்தப் பையை வாங்கி லிஃப்ட்டுக்குள் போய்விட வேண்டும் என்றுதான் போனேன். எதிர் ஃப்ளாட் அம்மாள் அன்றைக்கு டீ குடிக்கவே வரவில்லை. ஹாலில் மேனேஜர் மட்டும்தான் இருந்தார்.

என் கணவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கழுத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. நீலச் சட்டைக் காலரில் இரண்டு ரோஜா இதழ். மேனேஜர் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா சார், இன்னிக்கா ரிட்டயர்மென்ட்டு? சொல்லவே இல்லியே. தனியா வந்துகினு கீறீங்க, உங்க ஆளுங்க எங்க?" என்றார். என் கணவர் பதில் சொல்வதற்குள் அவரே பேசினார். "எங்கப்பா பாடில கம்பெனில இருந்தாரு சார். அவர இட்டாந்து உட்டப்போ எங்க தெருவே வாசல்ல நின்னுச்சி. அன்னிக்கு எங்கம்மா சிரிச்ச மாதிரி நான் பாத்ததே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த ஹாலையே தொறந்து உட்டிருப்பேனே. ஏன் மேடம் கேக்கல?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்ன பொய் முழுவதும் அந்த ஹாலில் எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் கிடந்தது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் பையைப் பார்த்தேன்.

"அவங்க கேக்கறேன்னுதான் சொன்னாங்க தம்பி" என்றார் மேனேஜரிடம். "நான்தான் வாணாம்னுட்டேன். பசங்களுக்கு ஷிப்டு கீது. எதுக்கு அலைய வெக்கணும்?"

மேனேஜர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். நான் கேவலமாக நினைத்த அந்த ஆள் ஒருவர்தான் அன்றைக்கு என் கணவரை வாசலில் வரவேற்றவர். நாங்கள் லிஃப்ட்டில் ஏறினோம். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பத்து வார்த்தை பேசி அதை ஒரு சண்டையாக்கி முடித்திருப்பேன். அவர் மாடி எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே வந்து கைகால் கழுவிக்கொண்டு, பசிக்கிறது என்றார். சாப்பிட்டார். பாயசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

வீடு அடுத்த பதினைந்து நாளில் முடிந்துவிட்டது. இப்போது ஐந்து படி ஏறி உள்ளே போகிறோம். மழைக்குத் தண்ணீர் வருவதில்லை. பிரஸ் ஷாப் ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார்கள், மரியாதையாகச் சாப்பிட்டார்கள், போனார்கள். ஒருவரும் ஆடவில்லை. அந்த நாளைப் பற்றி என் கணவர் இன்று வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாதக் கடைசியில் யாராவது ஓய்வு பெற்றால் அவரை இன்னும் வண்டியில் கூப்பிடுகிறார்கள். போகிறார். போன மாதம்கூடப் பட்டாபிராமுக்குப் போய் ஒருவரை விட்டுவிட்டு, ஜிகினாத் தூளோடு வந்தார். அந்த வீட்டு அம்மா எட்டாவது விரலுக்கு மேல் எண்ண முடியாமல் அழுதுவிட்டதைச் சொன்னார். சட்டையை ஊறப்போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். பிரஸ் ஷாப்பில் எல்லோரையும் யாராவது ஒருவர் வந்து ஒப்படைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஷேர் ஆட்டோவில் தானாகவே வந்து சேர்ந்தார்.